ஈரல் சுருங்கியவர் வீட்டில் இருந்தால்: குடலைப் பார்த்துத் தலையைக் காப்பாற்றுவது

தினமும் காலை ஏழு மணிக்குக் காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்பேன். "திருநெல்வேலியிலேர்ந்து திருச்செந்தூர் வரைக்கும் ஸ்டாப் சொல்லுங்கப்பா." அப்பா அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டர். பாதிக் காலம் அந்த ரூட்டில்தான். பாளையங்கோட்டை, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், திருச்செந்தூர். நல்ல நாளில் பத்துப் பன்னிரண்டு நொடியில் முடித்துவிடுவார். முடித்த கையோடு "ஒனக்கு வேற சோலி இல்லையாட்டி" என்று ஒரு திட்டும் விழும். திட்டு விழுந்தால் எனக்கு நிம்மதி.

அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ். ஈரல் சுருங்கிவிட்டது என்று சொல்வார்களே, அதுதான். கேள்விப்படுகிற எல்லோரும் முதலில் கேட்பது "குடிப்பாரோ?" என்றுதான். ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. இருபது வருஷச் சர்க்கரை, தொப்பை, கண்டுகொள்ளாமல் விட்ட கொழுப்பு ஈரல், இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

சரி, ஈரல் நோயாளியிடம் ஏன் பஸ் ஸ்டாப் கேட்க வேண்டும்? அதற்கு ஒரு கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் தை மாதம், தென்காசிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அப்பா தினமும் லாக்டுலோஸ் சிரப் குடிக்கிறவர். குடித்தால் நாளுக்கு இரண்டு மூன்று தடவை வெளிக்குப் போக வேண்டியிருக்கும். "மண்டபத்துல எங்க போய் ஒதுங்க? ரெண்டு நாளைக்கு அந்த மருந்து வேண்டாம்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். இரண்டு நாளும் பந்தியில் வடை, அப்பளம், ஊறுகாய். வயிறு மட்டும் போகவில்லை.

திரும்பி வந்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பீரோவைத் திறந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழுக்க நடை. "அலைச்சல்ல தூக்கம் கெட்டுப்போச்சு" என்று அம்மா சொல்ல, தெருமுனை மெடிக்கலில் கேட்டு ஒரு தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். நாங்கள் செய்த இரண்டாவது தப்பு அது. முதல் தப்பைவிடப் பெரியது. காலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டிலிருந்து விரல்கள் கோழி இறக்கை அடிப்பதுபோல விழுந்து விழுந்து எழுந்தன. மதியத்துக்குள் தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் செய்த முக்கியமான வைத்தியம் என்ன தெரியுமா? எனிமா. அதே லாக்டுலோஸைத் தண்ணீரில் கலந்து பின்வழியாக ஏற்றிக் குடலைக் கழுவினார்கள். மறுநாள் சாயந்திரம் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்ற நர்ஸிடம் "சில்லறையா குடும்மா" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

இதற்குப் பெயர் ஹெபாட்டிக் என்செஃபலோபதி. குடலில் ஆரம்பித்து, ஈரலில் தடுக்க ஆள் இல்லாமல், மூளையில் போய் முடிகிற கோளாறு. குடலுக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்று இப்போது ஊரெல்லாம் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தோம்.

குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரலுக்கு வந்து சேரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியில் வருவதுதான். அப்பா பாஷையில் சொன்னால் ஈரல் ஒரு செக்கர். குடலிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி டிக்கெட் கேட்கும். நாம் சாப்பிடுகிற புரதத்தையும், உடம்பு கழிக்கிற யூரியாவையும் குடல் கிருமிகள் உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. குடல் சுவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் உண்டாக்கும். நல்ல ஈரல் அதைப் பிடித்து மறுபடி யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும். சுருங்கிய ஈரலில் அந்த வேலைக்கு ஆள் குறைவு. அது மட்டுமா, ஈரல் தழும்பேறி இறுகியிருப்பதால் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பைபாஸ் போட்டுக்கொண்டு சுற்றிப் போய்விடும். செக்கர் ஏறாத பஸ். அம்மோனியா நேரே மூளைக்குப் போய், அங்கே ஆஸ்ட்ரோசைட் என்ற செல்களுக்குள் குளூட்டமினாக மாறி, செல்லைத் தண்ணீர் கோர்த்து வீங்க வைக்கிறது. தூக்கம் தலைகீழாவது, கோபம், குழப்பம், கடைசியில் கோமா, எல்லாம் அதிலிருந்துதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எக் என்பவர் நாய்களின் போர்ட்டல் சிரையை ஈரலுக்குப் போகவிடாமல் பெரிய சிரையோடு இணைத்துப் பார்த்தார். 1893-ல் பாவ்லோவின் குழு அதே அறுவையைச் செய்து, அந்த நாய்கள் இறைச்சி தின்றால் தள்ளாடிப் புத்தி பேதலித்துப் போவதை எழுதி வைத்தது. மணியடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்தார் என்று பள்ளியில் படித்தோமே, அதே பாவ்லோவ்தான்.

இனி வீட்டில் என்ன செய்கிறோம் என்பதற்கு வருகிறேன். அளவும் மருந்தும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததே உங்களுக்குக் கணக்கு. இங்கே இருப்பது அந்தக் கணக்கை வீட்டில் ஓட்டுகிற முறை.

முதலில் சிரப். லாக்டுலோஸ் ஒரு செயற்கைச் சர்க்கரை. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளுக்குத் தீனியாகி, புளித்து, அங்கே அமிலமாகிறது. அமிலத்தில் அம்மோனியா ரத்தத்துக்குள் ஏற முடியாத வடிவத்துக்கு மாறி, மலத்தோடு வெளியே போய்விடும். மாவு புளிக்கிற மாதிரிதான் என்று அம்மாவுக்குச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். 1966-லிருந்து இந்த நோய்க்கு இதைக் கொடுத்து வருகிறார்கள்.

இதை வெறும் மலச்சிக்கல் மருந்து என்று நினைப்பதுதான் எல்லார் வீட்டிலும் நடக்கிற தப்பு. "இன்னைக்கு நல்லாப் போயிடுச்சே, எதுக்கு மருந்து?" என்று நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தக் கூடாது. இலக்கு, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, இளக்கமாக. அப்பாவுக்குக் காலையில் 20 மில்லி, ராத்திரி 20 மில்லி எழுதியிருக்கிறார்கள். மதியத்துக்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை என்றால் நடுவில் இன்னொரு 15 மில்லி. நாலு தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் அடுத்த வேளையைக் குறைத்துவிட்டு டாக்டருக்குப் போன். இந்த ஏற்ற இறக்கத்தை அவரே எழுதிக் கொடுத்தார். நீங்களும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு மீறிக் கொடுத்து வயிற்றுப்போக்கானால் உடம்பில் நீர் வற்றிச் சத்து உப்புகள் தாறுமாறாகும். அதனாலேயே குழப்பம் திரும்ப வரும்.

பாட்டிலோடு வருகிற மூடியில் அளந்துதான் ஊற்ற வேண்டும். ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு. திகட்டுகிற இனிப்பு. அப்பா மோரில் கலந்து குடிக்கிறார், சிலர் வெந்நீரில் குடிக்கிறார்கள். முதல் ஒரு வாரம் வயிறு உப்பி, வாயு பிரிந்து, வீட்டில் யார் பக்கத்திலும் உட்கார முடியாது என்று அவரே சலித்துக்கொண்டார். பிறகு அடங்கிவிட்டது. கல்யாணச் சம்பவத்துக்குப் பிறகு ரிஃபாக்சிமின் என்ற மாத்திரையும் சேர்த்தார்கள், 550 மி.கி., நாளுக்கு இரண்டு. குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்கிற ஆன்டிபயாட்டிக் அது, ரத்தத்தில் அதிகம் ஏறாது. சிரப்பையும் மீறித் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குக் கொடுப்பது. விலை கடிக்கும். ஆனால் ஆஸ்பத்திரி பில்லை ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்த விலை பெரிதாகத் தெரியாது.

அப்புறம் காலண்டர். பாத்ரூம் கதவில் ஒரு காலண்டரையும் நூலில் கட்டிய பென்சிலையும் தொங்கவிட்டிருக்கிறேன். போய் வந்ததும் அன்றைய தேதிக் கட்டத்தில் ஒரு கோடு. அப்பாவுக்கு இது பழகிய வேலை, டிக்கெட் கணக்கு எழுதின கை. தண்ணீராகப் போனால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் கோடு போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கறுப்பு என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ரத்தம் போவது ஒரு ஆபத்து. அந்த ரத்தமே குடலில் செரித்து அம்மோனியாவாக ஏறுவது இன்னொரு ஆபத்து. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும். ஆனால் அந்த முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

காலண்டருக்குப் பக்கத்தில்தான் பஸ் ஸ்டாப் கேள்வி. ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடிகிறது என்று டாக்டர்களே எண்ணிப் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது. பத்துக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்று கணக்கு. அப்பாவிடம் மிருகம் கேட்டால் "நான் என்ன எல்கேஜியா?" என்று முறைப்பார். அதனால் அவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே கேட்கிறேன். உங்கள் அப்பா விவசாயி என்றால் நெல் ரகங்களைக் கேளுங்கள். அம்மா என்றால் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் பெயரை வரிசையாகக் கேளுங்கள். தினமும் ஒரே கேள்வி, ஒரே நேரம், அதுதான் முக்கியம். நேற்றைக்கு இன்று எவ்வளவு தடுமாறுகிறார் என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டியது. வாரம் ஒரு தடவை கையெழுத்துப் போடச் சொல்லித் தேதியும் எழுதி வைக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவர் போட்ட ஒரு கையெழுத்தைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தேன். அப்போதே கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

பகலில் தூங்கி ராத்திரி விழிப்பது, காரணமில்லாத எரிச்சல், பட்டனை மாற்றிப் போடுவது, தெரிந்த பெயரைத் தேடுவது, கை நடுக்கம், இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே நாங்கள் மூன்று காரியம் செய்கிறோம். குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கிறோம், ஏனென்றால் சர்க்கரை இறங்கினாலும் ஆள் இப்படித்தான் உளறுவார். காலண்டரில் கோடு எண்ணுகிறோம். காய்ச்சல் பார்க்கிறோம், சின்னத் தொற்றுகூட இதைத் தூண்டிவிடும். ஆள் மந்தமாக இருந்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், வயிற்றில் தண்ணீர் கோர்த்தவருக்கு வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குத்தான். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் சிரப் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அப்பாவின் டிவிஎஸ் 50 சாவி இப்போது என் பையில் இருக்கிறது. அதற்கு மட்டும் அவர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

சாப்பாட்டில்தான் அதிகச் சண்டை. அம்மோனியா புரதத்திலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் பெரியத்தை "பருப்பு, முட்டை எல்லாத்தையும் நிறுத்து, கஞ்சி மட்டும் குடு" என்றாள். அந்தக் காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது மாறிவிட்டது. 2004-ல் பார்சிலோனாவில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் புரதத்தைக் குறைத்தும் மறு பக்கம் வழக்கம்போலக் கொடுத்தும் பார்த்தார்கள். குறைத்தவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை, உடம்புச் சதைதான் அதிகம் கரைந்தது. ஈரல் செய்ய முடியாத வேலையில் ஒரு பங்கைச் சதைதான் செய்கிறது, அம்மோனியாவைப் பிடித்துக் குளூட்டமினாக மாற்றுகிறது. சதை போனால் அந்த உதவியும் போச்சு.

எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது கணக்கு. அப்பா 60 கிலோ, ஆக நாளுக்குக் குறைந்தது 72 கிராம். காலையில் மூன்று இட்லி, பருப்பு தூக்கலாகச் சாம்பார். பதினோரு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், ஐம்பது கிராம் ஊறப்போட்டது. மதியம் கெட்டிப் பருப்பு, இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் தயிர். சாயந்திரம் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. சோற்றிலும் கொஞ்சம் இருக்கிறது, எல்லாம் சேர்த்தால் எட்டிவிடும். பருப்பு, பயறு, பால் புரதம் இவர்களுக்கு இன்னும் நன்றாக ஒத்துப்போகிறது என்கிறார்கள். பருப்பு பயறோடு நார்ச்சத்தும் சேர்ந்து வந்து குடலை நகர்த்திவிடும்.

ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல ஈரல் ராத்திரிக்கென்று சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும். சுருங்கிய ஈரலில் அந்தச் சேமிப்பு கிடையாது. இவர்களுக்கு ஒரு ராத்திரிப் பட்டினி என்பது நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த மாதிரி, விடிவதற்குள் உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பித்துவிடும். அதனால் படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு கேழ்வரகு அடையும். சர்க்கரை இருப்பவர் என்பதால் மாத்திரை நேரத்தை டாக்டர் இதற்கேற்ப மாற்றிக் கொடுத்தார். சஷ்டி, அமாவாசை விரதமெல்லாம் நின்றுபோனது. அப்பாவுக்குப் பதிலாக அம்மா இருக்கிறாள்.

கால் வீங்கி வயிற்றில் தண்ணீர் கோர்க்கிறவருக்கு உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது, ஐந்து கிராம்தான். காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் தலை தட்டி ஒரு தேக்கரண்டி எடுத்து வைத்துவிடுவேன். அப்பாவுக்கான சமையல் முழுக்க அந்த டப்பாவிலிருந்துதான். தீர்ந்தால் தீர்ந்தது. கருவாடும் ஊறுகாயும் கிடையாது. இந்துப்பு நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் உப்புதான். சோடியம் குறைந்தது என்று விற்கிற உப்பில் பொட்டாசியம் இருக்கும். நீர் பிரிய ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து.

வீட்டு மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்துப் பிரித்து வையுங்கள். தூக்க மாத்திரை கூடவே கூடாது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், நாளுக்கு 2 கிராம் தாண்டாமல். கேஸ் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுவது பலருக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. வயிற்று அமிலத்தைக் குறைக்கிற அந்த மாத்திரைகளால் குடல் கிருமிகள் மாறுகின்றன. ஈரல் சுருங்கியவர்களுக்குத் தொற்றும் மூளைக் குழப்பமும் கூடுவதாகப் பார்த்திருக்கிறார்கள். உண்மையிலேயே தேவையா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பச்சிலை விஷயத்தில் சொந்தக்காரர்களோடு மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை. கொரோனா காலத்தில் சீந்தில்கொடிக் கஷாயம் குடித்து ஈரல் கெட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். அதுவரை தொல்லை காட்டாத ஈரலே தாங்கவில்லை என்றால் அப்பாவின் ஈரல் என்னாகும்?

உங்களுக்குச் சிரோசிஸ் எல்லாம் இல்லை, ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று மட்டும் வந்திருக்கிறதா? அப்படியானால் இவ்வளவு பாடு வேண்டாம். எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் ஈரல் நன்றாகத் தேறும். பயறும் காயும் கூட்டுங்கள், இனிப்புப் பானங்களை விடுங்கள். புரோபயாட்டிக் டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் ஒரு மாதத்துக்குச் சுண்டல் வாங்கலாம் என்பது என் கணக்கு. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது, அதனால் குடல் நன்றாக இருந்தால் மனசு குதூகலமாகிவிடும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. முதல் பாதி சரி. ஆனால் அந்தச் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. குடலும் மூளையும் பேசிக்கொள்கிற வழி வேறு. அதில் பெரியது வேகஸ் நரம்பு, அதன் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை.

போன மாதம் இன்னொரு கல்யாணம், குரும்பூரில். இந்தத் தடவை பாட்டில் கூடவே வந்தது. ராத்திரி வேளையை வழக்கம்போலக் கொடுத்துவிட்டு, காலை வேளையை ஐந்து மணிக்கே கொடுத்து, இரண்டு தடவை போய் வந்த பிறகு எட்டரைக்குப் பஸ் ஏறினோம். பையில் ஒரு மாற்று வேட்டி, அளவு மூடி, அவித்த முட்டை, மருந்துச் சீட்டின் ஜெராக்ஸ். மண்டபத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்தேன். மண்டபத்துக்காரரிடம் சொன்னேன், ஒரு அறைச் சாவியே கொடுத்துவிட்டார். கேட்டால் கொடுக்கிறார்கள், நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம். வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அப்பா ஒவ்வொரு ஸ்டாப்பாக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் கேட்காமலே. ஆழ்வார்திருநகரி தாண்டியதும் முன்னால் நின்ற கண்டக்டர் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, பின்னால நாலு பேருக்கு இன்னும் டிக்கெட் போடல" என்றார். பையன் எண்ணிப் பார்த்தான். நாலு பேர்தான்.